ஊட்டிக்குக் கிளம்புமுன் காரிமங்கலத்து வியர்வையைப் பேசுவோம்

தருமபுரி மாவட்டத்திலிருந்து 66 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 11 ஆண்டுகளாகச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. 14 மாதங்களுக்கு முன் இதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்க ஒரு ஸ்டென்ட் (சின்ன வலைக் குழாய்) வைத்திருக்கிறார்கள். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை காலை, இரவு. மெட்டோப்ரோலால், ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை. நீர் பிரிக்கும் மருந்து கலந்த பிரஷர் மாத்திரை. இவைதான் அவர் சாப்பிடுபவை. மூன்று மாதச் சர்க்கரை சராசரி (HbA1c) 6.4 சதவீதம்.

தீபாவளி முடிந்த அடுத்த வாரம் நான்கு நண்பர்களுடன் ஊட்டி, மைசூர் போகத் திட்டம். விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி, மாலைக்குள் ஊட்டி. மறுநாள் மைசூர் பார்த்துவிட்டு, இரவோடு இரவாக பெங்களூர், ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக வீடு. ஓட்டுவது முழுக்க இவர்தான். மகன் "காரை வித்துடுங்கப்பா, அந்த உயரத்துக்குப் போனா ஸ்டென்ட் அடைச்சுக்கும்" என்கிறார். மகள் பேச்சையே நிறுத்திவிட்டார். "வேலையில் இருந்தவரை வேலை, இப்போது வீட்டுக்குக் காவல். நான் எப்போதுதான் ஊரைப் பார்ப்பது?" என்று கேட்டிருக்கிறார்.

கடிதத்தின் நடுவே, வேறு எதையோ சொல்ல வந்த இடத்தில், இப்படி ஒரு பத்தி: புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை விரதம். காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, உறவினரைப் பார்க்கக் கிருஷ்ணகிரி போயிருக்கிறார். திரும்பும்போது காரிமங்கலம் தாண்டியதும் சட்டை நனையும் அளவுக்கு வியர்த்திருக்கிறது. எதிரே வந்த வண்டிகள் இரண்டிரண்டாகத் தெரிந்திருக்கின்றன. ஓரமாக நிறுத்தி டீ குடித்ததும் சரியாகிவிட்டதாம். "கை நடுக்கமோ படபடப்போ இல்லை, அதனால் அது சர்க்கரை இறங்கியதல்ல, வெயில்தான்" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள ஐயா,

ஊட்டியைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்தச் சனிக்கிழமை. நீங்கள் விவரித்திருப்பது ஏறக்குறைய நிச்சயமாக லோ சுகர். நீங்கள் சாப்பிடும் இரண்டு சர்க்கரை மருந்துகளில் மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையை அபாய அளவுக்கு இறக்குவது அரிது. கிளிமிபிரைடு அப்படியல்ல. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் அது கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றில் ஒன்றும் இல்லாத நாளில் அந்த இன்சுலின் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இழுத்துக்கொண்டு போய்விடும்.

நடுக்கமும் படபடப்பும் ஏன் வரவில்லை என்பதற்கும் பதில் உங்கள் மருந்துச் சீட்டிலேயே இருக்கிறது. இதயத்துக்காகக் கொடுத்த மெட்டோப்ரோலால் அந்த இரண்டு எச்சரிக்கைகளையும் மறைத்துவிடும். வியர்வையை மட்டும் அது மறைப்பதில்லை. ஆகவே உங்களைப் பொறுத்தவரை காரணம் இல்லாத வியர்வை, பார்வை மங்கல், பேச்சுக் குழறல், திடீர் எரிச்சல் இவைதான் மணி அடிப்பது. வண்டியில் கூட இருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். சர்க்கரை நன்றாக இறங்கிய பிறகு "எனக்கு ஒன்றுமில்லை" என்று அடம்பிடிப்பதும் அதன் அறிகுறிதான்.

6.4 என்ற எண்ணைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். 40 வயதுக்காரருக்கு அது நல்ல எண். 65 தாண்டி, ஸ்டென்ட் வைத்து, கிளிமிபிரைடு சாப்பிடுகிறவருக்கு 7 முதல் 7.5 வரை இருந்தாலே போதும். சராசரி 6.4 என்றால் நடுவில் பல நாள் ரத்தச் சர்க்கரை 60, 70க்கு இறங்கி ஏறியிருக்கலாம். இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பார்த்து, காரிமங்கலத்தில் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். கிளிமிபிரைடின் அளவைக் குறைப்பதா, லோ சுகர் அதிகம் வராத வேறு மாத்திரைக்கு மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார். நீங்களாக நிறுத்த வேண்டாம். அந்த மாற்றம் நடந்து, இரண்டு வாரம் வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்து, 90க்குக் கீழே போகாமல் இருக்கிறது என்று உறுதியாகும்வரை ஸ்டீயரிங்கைத் தொட வேண்டாம். தீபாவளி வாரப் பயணத்தில் நீங்கள் ஓட்டக் கூடாது என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

மகன் சொல்வதில் சரியும் தவறும்

உயரத்துக்குப் போனால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் என்பது தவறு. ஊட்டி ஏறக்குறைய 2240 மீட்டர் உயரம். உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். ஸ்டென்ட் வைத்து 14 மாதம் ஆகி, நெஞ்சு வலியோ மூச்சு வாங்கலோ இல்லாமல் இரண்டு மாடிப்படி ஏற முடிகிறவர் ஊட்டிக்குத் தாராளமாகப் போகலாம். முடியவில்லை என்றால் இதய மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். ஸ்டென்டைக் கெடுப்பது ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் விடுவது, பீடி சிகரெட், கட்டுக்கடங்காத பிரஷர். உயரத்தைவிட அங்கே குளிர்தான் இதயத்துக்கு வேலை வைக்கும். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும். அதனால் விடியற்காலை நடை வேண்டாம். காதையும் நெஞ்சையும் மூடிக்கொண்டு, 9 மணி வெயில் வந்தபின் வெளியே வாருங்கள்.

அவர் பயப்படுவதில் சரியான பகுதியும் ஒன்று இருக்கிறது. உங்கள் ஓட்டுநர் உரிமம் 61 வயதில் புதுப்பித்தது, நான்கு மாதத்துக்கு முன் முடிந்துவிட்டது, "வயசானவங்களை யாரும் நிறுத்திக் கேக்க மாட்டாங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்காமல் போகலாம். ஆனால் விபத்து என்று ஒன்று நடந்தால் முதலில் கேட்கும் காகிதம் அதுதான். காலாவதியான உரிமத்தோடு ஓட்டினால் உங்கள் வண்டிச் சேதத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் மறுக்கலாம். அடிபட்டவருக்குக் கொடுத்த தொகையை உங்களிடம் திருப்பிக் கேட்கவும் வழி உண்டு. 55 வயதுக்கு மேல் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பின், முடிந்த தேதிக்கு மேல் 30 நாள் சலுகை என்பதும் கிடையாது. முடிந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. ஓராண்டு தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும். உங்களுக்கு இன்னும் 8 மாதம் இருக்கிறது. பரிவாகன் சாரதி இணையதளத்தில் விண்ணப்பித்து, படிவம் 1ஏ மருத்துவச் சான்றிதழைச் சேர்க்க வேண்டும்.

அந்தச் சான்றிதழில் கையெழுத்து போடும் மருத்துவரிடம் மயக்கம், தலைசுற்றல் பற்றி மறைக்காதீர்கள். கண்ணையும் வீட்டிலேயே சோதிக்கலாம். தெருவில் நிற்கும் கார் ஒன்றிலிருந்து 25 மீட்டர் அளந்து நின்று, கண்ணாடி போடுபவரானால் போட்டுக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் நம்பர் பிளேட்டைப் படித்துப் பாருங்கள். சான்றிதழ் கேட்பதும் அதே சோதனைதான். இடது கண்ணில் புரை முற்றவில்லை என்று விட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். புரை இருக்கும் கண்ணில் எதிரே வரும் லாரியின் விளக்கு சிதறி, பாதையே வெள்ளையாகிவிடும். புரையைச் சரிசெய்யும்வரை மாலை 6 மணிக்குமேல் நீங்கள் ஓட்டக் கூடாது.

கிளம்பும் நேரம்

உங்கள் திட்டத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது 4 மணி என்ற நேரம். 2 மணியிலிருந்து 6 மணி வரை உடம்பு தூங்கக் கேட்கும் நேரம். "காலி ரோடு" என்கிறீர்கள். அந்த நேரத்தில்தான் தொப்பூர் கணவாயில் இரவு முழுக்க ஓட்டிய லாரிகள் சேலத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். அதைவிட முக்கியம், வழக்கமாக 4 மணிக்குக் கிளம்புகிறவர்கள் மாத்திரையை வீட்டில் போட்டுக்கொண்டு, டிபனை சேலம் தாண்டி வைத்துக்கொள்வார்கள். மறுபடியும் காரிமங்கலம்தான்.

வீட்டிலேயே 7 மணிக்குச் சாப்பிட்டு, சாப்பாட்டோடு மாத்திரை போட்டு, 7.30க்குக் கிளம்புங்கள். சாப்பாடு இல்லாத வேளையில் கிளிமிபிரைடும் இல்லை. இதை மாற்றாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள். கந்த சஷ்டி விரதமும் நீங்கள் குறித்திருக்கும் அதே வாரத்தில்தான் வருகிறது. உங்களிலோ நண்பர்களிலோ விரதம் இருப்பவர் யாரானாலும் பயணத்தை விரதத்துக்குப் பின் வையுங்கள். விரதம் இருக்கத்தான் வேண்டும் என்றால் அந்த நாட்களுக்கான மருந்து அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

காலை உணவுக்குக் களி என்றால் நல்லது. "களி சாப்பிட்டா சுகர் ஏறாது" என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வதைத்தான் நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். கேழ்வரகு மாவு 100 கிராமில் ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அரிசியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் இருப்பதால் அது உயர்ந்த உணவு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உருண்டை டென்னிஸ் பந்து அளவில் ஒன்று போதும், கூடக் கீரையோ கொள்ளுக் குழம்போ அதிகமாக இருக்கட்டும். வயலில் ஏர் ஓட்டியவர் சாப்பிட்ட உருண்டையை நாள் முழுக்க உட்கார்ந்து வருகிறவர் சாப்பிட முடியாது.

உங்கள் மருத்துவர் "ஓட்டலாம்" என்று சொன்ன பிறகு, ஓட்டும் நாட்களில் செய்ய வேண்டியது இது:

சாவி போடுமுன் ஒருமுறை, பிறகு 2 மணி நேரத்துக்கு ஒருமுறை குளுக்கோமீட்டரில் பாருங்கள். 90க்கு மேல் என்றால் ஓட்டலாம். 70க்கும் 90க்கும் நடுவில் என்றால் இரண்டு இட்லியோ நாலு பிஸ்கட்டோ சாப்பிட்டு, மறுபடி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 70க்குக் கீழே என்றாலும், அல்லது மீட்டரே இல்லாமல் வியர்த்தாலும், வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கிவிட வேண்டும். 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். அது 15 கிராம். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள், ஏறவில்லையென்றால் மறுபடி அதே அளவு. சரியான பிறகும் மூளை தெளிய நேரம் பிடிக்கும், 45 நிமிடத்துக்குமுன் ஓட்டக் கூடாது. கிளிமிபிரைடு ஒரு நாள் முழுக்க வேலை செய்வதால் இறங்கியது மறுபடியும் இறங்கும். ஆகவே சர்க்கரைத் தண்ணீரோடு நிறுத்தாமல் சாப்பாடும் சாப்பிட்டு, அன்று மீதித் தூரத்தை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

டேஷ்போர்டில் சாக்லேட் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் ரத்தத்துக்கு விடும். கடலை மிட்டாயும் அப்படித்தான். இரண்டாவதாகச் சாப்பிட அது நல்லது, முதலில் வேண்டியது வெறும் சர்க்கரை. மூன்று ஸ்பூன் அளந்த சர்க்கரைப் பொட்டலங்கள் நான்கு கட்டி, ஓட்டுநர் கதவின் பக்கப் பையில் வையுங்கள். டிக்கியில் இருக்கும் சர்க்கரை உதவாது. மீட்டர் ஸ்ட்ரிப் டப்பாவை வெயிலில் விடாதீர்கள், தவறான எண் காட்டும். இன்சுலின் போடும் உங்கள் நண்பரின் மருந்தும் நிறுத்தி வைத்த காரில் இருக்கக் கூடாது. இறங்கும்போது கைப்பையில் எடுத்துக்கொண்டு இறங்கட்டும்.

தண்ணீரும் நீர் மாத்திரையும்

"அடிக்கடி இறங்க வேண்டியிருக்கு, அதனால் பயணத்தன்று பிரஷர் மாத்திரையும் போடறதில்லை, தண்ணியும் குடிக்கறதில்லை." இதை நம் ஊரில் பெரியவர்கள் எல்லோரும், பெண்கள் இன்னும் அதிகமாக, செய்கிறார்கள். 8 மணி நேரம் தண்ணீரில்லாமல், காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வந்தால் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைய ஏற்ற நிலை அதுதான். சிறுநீரகம் வாடும், சிறுநீர்த் தொற்றும் வரும். ஸ்டென்ட் வைத்தவர் பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டு மலை ஏறுவது மகன் பயப்படும் உயரத்தைவிடப் பெரிய ஆபத்து. பயண நாளில் அந்த மாத்திரையை ஊர் போய்ச் சேர்ந்தபின் மதியம் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பலருக்கு அது ஒத்துவரும். மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர், 2 மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், இறங்கி 5 நிமிடம் நடை. நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க்குகளில் கழிப்பறை உண்டு. தண்ணீர் குடிக்காத நாளிலும் சிறுநீர் அடிக்கடி வருகிறது என்றால் புராஸ்டேட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பிரச்சினை இருந்தால் மலைப்பாதைக்கு வாந்தி மாத்திரை போடாதீர்கள், சிலருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். ஓட்டுகிறவர் எப்படியும் அதைப் போடக் கூடாது, தூக்கம் வரும்.

ஐப்பசியில் எங்கே, தையில் எங்கே

ஐப்பசி, கார்த்திகையை நம் முன்னோர் கூதிர் காலம் என்றார்கள். ஊர் பச்சையாக இருக்கும், வெயில் சுடாது. நீங்கள் ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையில் மண்சரிவு வழக்கமான ஒன்று. வழியில் 5 மணி நேரம் மாட்டிக்கொண்டால் உங்கள் மாத்திரை, சாப்பாடு எல்லாம் குலையும். ஊட்டியைத் தை மாதக் கடைசிக்குத் தள்ளுங்கள். உறைபனியும் குறைந்திருக்கும், அதற்குள் உரிமமும் மருந்து மாற்றமும் முடிந்திருக்கும். முதல் நாள் ஊட்டியோடு நிறுத்தி, இரண்டு இரவு தங்குங்கள். 2024 மே முதல் ஊட்டிக்கு இ-பாஸ் முறை இருக்கிறது, கிளம்புமுன் பதிவு செய்யுங்கள். மைசூருக்கு கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகள் வேண்டாம், கூடலூர் வழியே இறங்குங்கள். பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். மைசூரில் ஒரு இரவு தங்கி, பகலில் திரும்புங்கள். ஓட்டுவதற்கு இருவராவது வேண்டும். இல்லையென்றால் ஐந்து பேர் பங்கு போட்டு ஒரு ஓட்டுநரை அமர்த்திக்கொள்வது பெரிய செலவில்லை. இறக்கத்தில் யார் ஓட்டினாலும் ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள். நியூட்ரலில் விட்டால் வேகம் முழுதும் பிரேக் தலையில் விழும், சூடேறிய பிரேக் பிடிக்காது.

இந்த ஐப்பசிக்கு மழை விட்ட ஒரு நாளில் ஒகேனக்கல் போகலாம். தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர்தான். காவிரியில் தண்ணீர் அதிகம் வந்தால் குளிக்கவும் பரிசலுக்கும் தடை போடுவார்கள், அன்று காலைச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எண்ணெய் மசாஜ் செய்துகொள்வதாக இருந்தால், ஆஸ்பிரின் சாப்பிடுவதைச் சொல்லி, லேசாகத் தேய்க்கச் சொல்லுங்கள். கழுத்தை முறுக்கவோ நெட்டி எடுக்கவோ விடாதீர்கள். எண்ணெய்க் காலோடு பாறையில் நடப்பதுதான் அங்கே எலும்பை முறிக்கிறது. மீன் வறுவல் சாப்பிடலாம், இரண்டு துண்டு.

சட்டைப் பையில்

மருந்துச் சீட்டின் நகல், ஓய்வூதியர் காப்பீட்டு அட்டை, இரண்டு நாள் கூடுதல் மாத்திரை. நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நாக்கடி மாத்திரையை உங்கள் இதய மருத்துவர் கொடுத்திருந்தால் அதுவும். நெஞ்சு இறுக்கம் வந்தால் உட்கார்ந்து ஒன்று வைத்து, 5 நிமிடத்தில் குறையவில்லையென்றால் 108. யாரும் தானே ஓட்டிக்கொண்டு மருத்துவமனை தேட வேண்டாம். ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை எடுத்தவர் அந்த நாக்கடி மாத்திரையை வைக்கவே கூடாது, பிரஷர் திடீரென்று விழுந்துவிடும். கூச்சப்படாமல் நண்பர்கள் ஐவரும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். சாலை விபத்து என்றால் தமிழ்நாட்டுக்குள் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் அரசுச் செலவில் கிடைக்கும். 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் அது. மலையிலிருந்து வந்து இரண்டு, மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் வலி மாத்திரை எதுவும் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும். உடம்பில் எங்காவது கருகிய புண் போல ஒரு பொருக்கு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். புல்வெளிப் பூச்சி கடித்து வரும் காய்ச்சல் அது, சரியான மாத்திரைக்கு விரைவில் கேட்கும்.

மகளிடம் பேசும்போது, இந்தத் திட்டத்தைக் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள்: யார் ஓட்டுகிறார், எங்கே தங்குகிறீர்கள், எத்தனை மணிக்கு அழைப்பீர்கள் என்று. காரிமங்கலத்தில் நடந்ததையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் கோபப்படுவார். ஆனால் அவருக்குத் தெரியாத ஏதோ இருக்கிறது என்ற சந்தேகம்தான் இப்போது அவரைப் பேசவிடாமல் வைத்திருக்கிறது என்று உங்கள் கடிதத்தைப் படித்த எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாக ஒன்று. இத்தனை பக்கத்தில் உங்கள் மனைவியைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது: "அவளுக்கு மூட்டு வலி, எங்கேயும் வரமாட்டாள்." அவர் எங்கே போக ஆசைப்படுகிறார் என்று கேட்டீர்களா? மூட்டு வலிக்காரருக்குப் பயணத்தில் கஷ்டம் மூன்று இடத்தில்தான்: உயரமான வண்டியில் ஏறுவது, நீட்ட முடியாமல் மடக்கியே உட்காருவது, குத்தவைக்கும் கழிப்பறை. அரை அடி உயரத்தில் ஒரு பலகை ஸ்டூல், பின்னால் தள்ளிய முன் இருக்கை, மேற்கத்தியக் கழிப்பறை உள்ள விடுதி என்று மூன்றையும் சரி செய்யலாம். ஒகேனக்கல்லுக்கு நண்பர்களோடு போகுமுன், அந்த முன் இருக்கையில் அவரை உட்கார வைத்து, மகளை ஓட்டச் சொல்லி, நீங்கள் பேரக்குழந்தைகளோடு பின்னால் உட்கார்ந்து ஒருமுறை போய் வாருங்கள்.